இணைகோட்டுக் கோணங்கள்: இசட் வடிவமா, பெயர் மனப்பாடமா, சிறிசு–பெரிசா, மூலைமட்டமா?

ஏழாம் வகுப்புக் கணக்கில் இணைகோடுகளும் குறுக்குவெட்டியும் வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு குழப்பம் தொடங்கும். பள்ளியில் ஒரு மாதிரி சொல்லித் தருவார்கள், டியூஷனில் வேறு மாதிரி, யூடியூபில் இன்னொரு மாதிரி. ஒருவர் "இசட் தெரிகிறதா? அப்போ சமம்" என்பார். இன்னொருவர் எல்லா ஜோடிகளின் பெயரையும் ஒப்பிக்கச் சொல்வார். "இருக்கிறதே ரெண்டு அளவுதான், சிறிசு, பெரிசு, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடிப்பவரும் உண்டு. வேறொருவர் டிரேசிங் தாளோடும் மூலைமட்டத்தோடும் உட்காருவார். நான்கு வழியுமே சரியான விடைக்குத்தான் கொண்டுபோகின்றன. ஆனால் எந்த வழியில் தொடங்கினால் பின்னால் சிக்கல் குறைவு என்பதுதான் பெற்றோரும் புது ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி.

முதலில் படத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். கிடையாக இரண்டு இணைகோடுகள், அவற்றைச் சாய்வாக வெட்டும் ஒரு குறுக்குவெட்டி. மேல் சந்திப்பில் இடது மேலிருந்து கடிகாரச் சுற்றில் 1, 2, 3, 4. கீழ்ச் சந்திப்பில் அதே வரிசையில் 5, 6, 7, 8. இதில் 1–5, 2–6, 3–7, 4–8 ஒத்த கோணங்கள். 3–5, 4–6 ஒன்றுவிட்ட உட்கோணங்கள். 1–7, 2–8 ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள். இந்த ஜோடி ஒவ்வொன்றிலும் இரண்டு கோணங்களும் சமம். 3–6, 4–5 குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் உள்ள உட்கோணங்கள்; இவை சமமில்லை, கூட்டினால் 180°. இலங்கைப் பாடநூல் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி ஜோடியை நேயக் கோணங்கள் என்று படித்திருப்பார்கள்.

எதை வைத்து எடைபோடுவது

விடை வருகிறதா என்று மட்டும் பார்த்தால் நான்கும் தேறிவிடும். அதனால் வேறு ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, விடைத்தாளில் "காரணம்" என்று கேட்ட இடத்தில் எழுத ஒரு வரி கிடைக்குமா? இரண்டு, படம் சாய்ந்தாலும், தலைகீழானாலும், இன்னொரு கோடு கூடினாலும் அந்த வழி தாங்குமா? மூன்று, கேள்வியைத் திருப்பிப் போட்டால், அதாவது கோண அளவுகளைக் கொடுத்து "இந்தக் கோடுகள் இணையா?" என்று கேட்டால் என்ன ஆகும்? நான்கு, முக்கோணம், இணைகரம், வடிவொத்த முக்கோணம் என்று மேலே போகும்போது இதில் என்ன மிஞ்சும்? ஐந்து, கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நேரத்தைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே செய்ததுதான். இந்தப் பாடத்தில் மிச்சம் பிடிக்கும் நேரமெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் வட்டியோடு செலவாகிவிடும்.

எழுத்து வடிவம்: எஃப், இசட், சி

ஒத்த கோணங்கள் எஃப் எழுத்தின் இரண்டு கைகளுக்கு அடியில் இருக்கும். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் இசட்டின் இரண்டு மூலைகளில் இருக்கும். ஒரே பக்க உட்கோணங்கள் சி-யின் உள்ளே இருக்கும். நம் எழுத்தில் சொன்னால், பக்கவாட்டில் சாய்த்துவைத்த ப. சொன்ன மாத்திரத்தில் பிள்ளை பிடித்துக்கொள்ளும், வண்ணப் பென்சிலால் படத்தின் மேலேயே எழுத்தைத் தடிமனாக வரையும், அதில் ஒரு சந்தோஷமும் இருக்கும். நெரிசலான படத்தில் தேவையான இரண்டு கோணங்களைப் பொறுக்கி எடுக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

மறைமுகச் செலவு மூன்று. இசட் எப்போதும் நேராக நிற்காது. கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், பக்கவாட்டில் படுத்து ஆங்கில N எழுத்தாகிவிடும், நீட்டி இழுத்தால் எதுபோலவும் இருக்காது. எஃப் தலைகீழாக நின்றால் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. ஒன்றுவிட்ட வெளிக்கோணங்களுக்கோ எழுத்தே கிடையாது.

அடுத்தது காரணம் எழுதும் இடம். "இசட் வடிவம்" என்று எழுதினால் அது காரணமாகாது. பிரிட்டனின் ஜிசிஎஸ்இ தேர்வில்கூட இசட் கோணம், எஃப் கோணம் என்று எழுதினால் அதற்குரிய மதிப்பெண் கிடையாது. முறையான பெயரைத்தான் எழுத வேண்டும். அந்த எழுத்துகள் யாருடைய மொழியில் இருக்கின்றனவோ அங்கேயே இந்த நிலைமை.

மூன்றாவதுதான் பெரிய செலவு. எந்த இரண்டு கோடுகளையும் மூன்றாவது கோடு வெட்டினால் இசட் தெரியும். அவை இணையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தைப் பார்த்தே பழகிய பிள்ளைக்கு "இசட் இருக்கு, அதனால் சமம்" என்பது ஒட்டிக்கொள்ளும். இணை என்பதைக் காட்டும் அம்புக்குறி படத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் போய்விடும். ஒரு சரிவகத்தின் இணையில்லாத இரண்டு பக்கங்களை மூலைவிட்டத்தால் வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். தயங்காமல் சமம் என்று எழுதும்.

பெயரும் வரையறையும்

பெரும்பாலான பள்ளிகளின் வழி இதுதான். அதில் தப்பில்லை, காரணம் எழுத வேறு வழியும் இல்லை. "ஒன்றுவிட்ட உட்கோணங்கள், எனவே சமம்" என்று எழுதத் தெரியாதவர் ஒன்பதாம் வகுப்பில் நிரூபணம் எழுத முடியாது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180° என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைகிறோம். அடியில் உள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட உட்கோணங்களாக உச்சிக்கு ஏறிவிடுகின்றன. மூன்றும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்துவிடுகின்றன, கணக்கு முடிந்தது. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் எலிமென்ட்ஸ் நூலின் முதல் புத்தகத்தில் 32ஆம் தேற்றமாக இதையே கொஞ்சம் மாற்றி, அடிப்பக்க முனையில் இணைகோடு வரைந்து காட்டுகிறார். அங்கே ஒன்றுவிட்ட கோணம் ஒன்று, ஒத்த கோணம் ஒன்று என்று இரண்டும் வேலை செய்யும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் ஒன்றுவிட்ட கோணத்தை வைத்துத்தான். எகிப்தில் இன்றைய அஸ்வான் இருக்கும் இடத்தில் கோடைத் திருப்ப நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதே நேரத்தில் அலெக்சாண்ட்ரியாவில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் விழுகிறது. கதிர் கோலோடு முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு, அதாவது 7.2° சாய்ந்திருக்கிறது. சூரியக் கதிர்கள் இணைகோடுகள். கோலின் வழியாகப் பூமியின் மையத்துக்குப் போகும் கோடு குறுக்குவெட்டி. ஆகவே மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையில் உள்ள கோணமும் 7.2°. ஊர்களுக்கு இடையே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு) என்றால் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. இந்தப் படத்தில் இசட்டைத் தேடிப் பாருங்கள்; ஒரு கை வானத்துக்கும் இன்னொரு கை பூமிக்குள்ளும் போகும். எழுத்து வடிவத்தை மட்டும் நம்பியவர் இங்கே நின்றுவிடுவார். "உள்ளே, எதிரெதிர்ப் பக்கம்" என்ற வரையறை தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

செலவு என்னவென்றால், பெயர் வெறும் பட்டியலாக நிற்கும் அபாயம். உள், வெளி, ஒத்த, ஒன்றுவிட்ட, ஒரே பக்க என்று அடுக்கினால் எது சமம், எது 180° என்பது கலங்கிவிடும். அப்புறம் பெயர் சரியாக எழுதி விடை தப்பாக எழுதும் விசித்திரம் நடக்கும். நேரமும் கூடுதல்.

சிறிசு–பெரிசு

இணைகோடுகளைச் சாய்வாக ஒரு கோடு வெட்டினால் எட்டு இடத்திலும் இரண்டே அளவுதான். ஒன்று 68° என்றால் நான்கு கோணங்கள் 68°, மீதி நான்கும் 112°. குறுங்கோணமெல்லாம் சமம், விரிகோணமெல்லாம் சமம், ஒரு சிறிசும் ஒரு பெரிசும் சேர்ந்தால் 180°. பெயரே தேவையில்லை. ஒரு கோணம் கொடுத்து மீதி ஏழும் கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்எம்எம்எஸ் போன்ற, விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிற தேர்வுகளுக்கு இது கச்சிதம்.

ஆனால் இது கண்ணை நம்பும் வழி. எங்கே காலை வாரும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். தெரியாத எண் அ. இரண்டு கோணங்கள் 3அ + 20, 2அ + 50 என்று கொடுத்திருக்கிறார்கள். அவை ஒத்த கோணங்கள் என்றால் 3அ + 20 = 2அ + 50; அ = 30, இரண்டு கோணமும் 110°. ஒரே பக்க உட்கோணங்கள் என்றால் கூட்டுத்தொகை 180; 5அ + 70 = 180, அ = 22, கோணங்கள் 86°, 94°. இந்த 86°, 94° படத்தில் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட செங்கோணம் மாதிரி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிறிசு எது, பெரிசு எது என்று கண்ணுக்குத் தெரியாது. "சமம்" என்று போட்டுவிட்டு அ = 30 என்று முழு எண்ணாகவே வந்ததும் பிள்ளை நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடும். அளவிட்டு வரையாத படம் என்றால் இன்னும் மோசம், அதில் விரிகோணம் குறுங்கோணமாகவே வரையப்பட்டிருக்கலாம். தேர்வில் வருவதில் பாதி அப்படிப்பட்ட படங்கள்தான்.

இன்னொரு பொறி, இரண்டு குறுக்குவெட்டிகள். ஒவ்வொரு குறுக்குவெட்டிக்கும் அதனதன் சிறிசு–பெரிசு ஜோடி தனி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் குறுக்குவெட்டியின் 68°ஐ இரண்டாவதின் குறுங்கோணத்துக்கும் ஏற்றிவிடுவார்கள். குறுக்குவெட்டி செங்குத்தாக நின்றால் எட்டும் 90°, அங்கே சிறிசும் இல்லை பெரிசும் இல்லை. இதில் மட்டும் ஆபத்து ஒன்றும் கிடையாது.

டிரேசிங் தாளும் மூலைமட்டமும்

கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் இணைகோடுகள் தயாராகவே இருக்கின்றன. இரண்டைத் தடிமனாக்கி, ஸ்கேல் வைத்து ஒரு சாய்கோடு இழுங்கள். மேல் சந்திப்பை டிரேசிங் தாளில் நகலெடுத்து, சாய்கோட்டின் வழியே கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். கீழ்ச் சந்திப்பின் மேல் நான்கும் அச்சாக உட்காரும். அதுதான் ஒத்த கோணங்கள். அடுத்து இரண்டு சந்திப்புகளையும் சேர்த்தே நகலெடுத்து, அவற்றுக்கு நடுப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, தாளை அரைச்சுற்று திருப்புங்கள். 3 போய் 5இன் மேல் விழும், 4 போய் 6இன் மேல் விழும். அதுதான் ஒன்றுவிட்டவை. 1 போய் 7இன் மேல் விழுவதையும் அதே திருப்பலில் பார்க்கலாம், எழுத்து இல்லாத அந்த வெளிக்கோண ஜோடிக்கும் இங்கே இடம் உண்டு.

மூலைமட்டம் இதைவிட ஒரு படி மேல். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 60° மூலைமட்டத்தை ஸ்கேலோடு ஒட்டி வைத்து, ஒரு கோடு போட்டு, வழுக்கி நகர்த்தி, இன்னொரு கோடு போட்டால் இணைகோடுகள் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் கிடைக்கிறது? ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, இரண்டு இடத்திலும் அதே 60° அதனோடு நிற்கிறது. ஒத்த கோணம் சமமாக வைத்தோம், அதனால் கோடுகள் இணையாகின. இது நம் மூன்றாவது கேள்வியின் விடை, வேறு எந்த வழியும் இதைக் கையில் தருவதில்லை. இணை என்றால் கோணம் சமம் என்பதும், கோணம் சமம் என்றால் இணை என்பதும் ஒன்றல்ல. யூக்ளிட்டே இவற்றைப் பிரித்துத்தான் வைக்கிறார்: கோணத்திலிருந்து இணைக்குப் போகும் 27, 28ஆம் தேற்றங்களுக்கு அவருடைய ஐந்தாவது எடுகோள் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட, இணைகோடுகள் பற்றிய கூற்று) தேவைப்படவில்லை, இணையிலிருந்து கோணத்துக்கு வரும் 29ஆம் தேற்றத்தில்தான் அதை முதன்முறையாகப் பயன்படுத்துகிறார்.

செலவு நேரம்தான். ஒரு வகுப்பு முழுக்க இதற்கே போகும், நாற்பது பிள்ளைகள் இருந்தால் குண்டூசியைத் தேடுவதற்கே பாதி போகும். தாளைத் திருப்பிப் பார்த்ததை விடைத்தாளில் எழுதவும் முடியாது. ஜியோஜீப்ரா என்ற கணினிச் செயலியில் கோட்டை இழுத்துக் காட்டினால் வேகமாக நடக்கும். ஆனால் திரையில் எண்கள் சமமாக மாறுவதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம். கையில் தாள் இருந்தால் எதை எதன் மேல் வைப்பது என்று அவர்களே யோசிக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்கு என்றால் தாள்தான்.

நான்கையும் ஒரே கணக்கில் விட்டுப் பார்த்தால்

மேலும் கீழுமாக இரண்டு இணைகோடுகள். மேல்கோட்டில் ஒரு புள்ளி, அதற்குக் கீழே கீழ்க்கோட்டில் ஒரு புள்ளி. இரண்டிலிருந்தும் வலது பக்கமாகக் கோடுகள் கிளம்பி, நடுவில் முழங்கை மாதிரி மடங்கிச் சேர்கின்றன. மேல்கோட்டின் வலது பகுதியோடு 35°, கீழ்க்கோட்டின் வலது பகுதியோடு 50°. முழங்கையின் உட்பக்கக் கோணம் என்ன?

சிறிசு–பெரிசு இங்கே கைவிட்டுவிடும். இரண்டு இணைகோடுகளையும் வெட்டும் ஒற்றைக் குறுக்குவெட்டியே படத்தில் இல்லை. பழக்கதோஷத்தில் 35° என்றோ 145° என்றோ எழுதுவார்கள். பெயர் மனப்பாடம் செய்தவர் ஜோடியைத் தேடுவார், கிடைக்காது.

முழங்கை வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு வரைந்தால்தான் கதவு திறக்கும். அதை வரையத் தோன்றுவது யாருக்கு? மூலைமட்டத்தை வழுக்கிப் பழகியவருக்கு; அவருக்குக் கோட்டை நகர்த்துவது புதிதில்லை. வரைந்த பிறகு எழுத்து வடிவம் ஜெயிக்கும்: ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு இசட் பளிச்சென்று தெரியும். 35 + 50 = 85°. அதே படத்தில் இடது பக்கத்துக் கோணங்களான 145°, 130° என்று மாற்றிக் கொடுத்தால் இரண்டு சாய்ந்த ப; 180 − 145 = 35, 180 − 130 = 50, மறுபடியும் 85°. காரணம் எழுதும் வரிக்குப் பெயர் வேண்டும். ஒரு கணக்குக்கு மூன்று வழி தேவைப்பட்டுவிட்டது.

ஒரே பார்வையில்

| | எழுத்து வடிவம் | பெயரும் வரையறையும் | சிறிசு–பெரிசு | தாளும் மூலைமட்டமும் |
|---|---|---|---|---|
| காரணம் எழுத | உதவாது | இதுதான் வேண்டும் | உதவாது | நேரடியாக உதவாது |
| படம் மாறினால் | நேராக நின்றால் நன்று | தாங்கும் | ஒரு குறுக்குவெட்டி வரை | தாங்கும் |
| "இணையா?" என்று கேட்டால் | தவறான பழக்கம் வரும் | மறுதலையை (கோணம் சமம் என்றால் இணை) தனியாகப் படித்தால் சரி | எழுதத் தெரியாது | மூலைமட்டம் கையில் காட்டும் |
| மேல் வகுப்பில் | நெரிசலான படத்தில் தேட | நிரூபணம் முழுக்க | விடை சரிபார்க்க | கூடுதல் கோடு வரையத் தோன்ற |
| நேரம் | சில நிமிடம் | சில நாள் | சில நிமிடம் | ஒரு வகுப்பு |

யாருக்கு எது

பாடம் இப்போதுதான் தொடங்குகிறது, அவசரமில்லை என்றால் தாளிலிருந்து தொடங்குங்கள். பெயர்களை அதன் மேலேயே ஒட்டுங்கள்: வழுக்கினால் ஒத்தவை, திருப்பினால் ஒன்றுவிட்டவை. இப்படி வந்த பெயர் மறப்பதில்லை. எழுத்து வடிவத்தை ஒரு வாரம் கழித்துச் சொல்லித் தந்தால் போதும். அதுவும் தேடுவதற்கு, காரணத்துக்கு இல்லை என்று சொல்லியே தர வேண்டும். முதலிலேயே சொன்னால் மீதி எதையும் காதில் வாங்க மாட்டார்கள்.

நாளைக்குத் தேர்வு, ஒன்றுமே புரியவில்லை என்கிற நிலையில் சிறிசு–பெரிசோடு மூன்று பெயர்களை மட்டும் கொடுங்கள்: ஒத்த, ஒன்றுவிட்ட, ஒரே பக்க உட்கோணம். கடைசியது மட்டும் 180°, மற்றதெல்லாம் சமம். கூடவே, விடை எழுதுமுன் இரண்டு கோடுகளிலும் அம்புக்குறி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொள்குறித் தேர்வுக்கு மட்டும் படிப்பவருக்குச் சிறிசு–பெரிசு போதும், இரண்டு குறுக்குவெட்டி வந்தால் மட்டும் நிதானம் தேவை. ஒன்பதாம் வகுப்பில் நிரூபணத்தில் தடுமாறும் பிள்ளைக்கு எழுத்து வடிவத்தைக் கொஞ்ச நாள் தடைசெய்வதே நல்லது; ஒவ்வொரு வரிக்கும் "எந்த இரண்டு கோடு இணை, எது குறுக்குவெட்டி" என்று இரண்டையும் எழுதிவிட்டுத்தான் பெயரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். படங்களை எளிதில் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளைக்கோ நேர் எதிர். அங்கே வண்ணப் பென்சிலும் இசட்டும்தான் முதல் உதவி, மற்றதெல்லாம் அப்புறம்.